நான்கு மில்லிமீட்டர்

பாடாங் செராய் சந்தியில்
ஐந்தேகாலுக்குத் தொழிற்சாலைப் பேருந்து.
என் வேலை ஊசிமுனை பார்ப்பது.
பூதக்கண்ணாடிக்கு அடியில்
எஃகுக் குழல்கள் வரிசையாக வரும்,
மூன்று சாய்வாகத் தீட்டிய முனையோடு.
பிசிறு தெரிந்தால் சிவப்புத் தட்டு.
பதினொரு வருடமாக
யார் வயிற்றுக்கோ
பிசிறு பொறுக்குகிறேன்.

"வெளிநாட்டு வயிறு" என்பார் வடமலை.
என் வீட்டுக்காரர். செம்பனைக் குலை வெட்டுகிறவர்.
மட்டை முள் உள்ளங்கையில் ஏறினால்
பல்லால் கடித்து எடுத்துத் துப்பிவிட்டு
அடுத்த மரத்துக்குப் போகிற ஆள்.
இனிப்பு நீர் வந்து
மிசி ரொஹானி பேனாவைக் கையில் கொடுத்தபோது
வியர்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான்கு மில்லிமீட்டர்தான், அரிசியை விடக் குட்டை,
முப்பத்திரண்டாம் நம்பர்.
எண் ஏற ஏற ஊசி இளைக்கும் என்று விளக்கினேன்.
"சீனி ஏற ஏற நான் இளைச்ச மாதிரியா?" என்றார்.
சிரித்தோம். அன்றைக்குச் சரியாகப் போனது.

அப்புறம் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்.
கிளினிக்கில் கொடுத்தது தீர்ந்தால்
டவுன் மருந்துக்கடையில் பெட்டி நாற்பது வெள்ளிக்கு மேல்.
ஒரு ஊசி ஒரு நாள் என்பது
ஒரு நாளாகி, மூன்றாகி, ஒன்பதாயிற்று.
தினமும் தொப்புளுக்கு வலப்பக்கம், ஒரே இடம்.
அங்கே ஒரு மேடு கிளம்பியது,
உதிரிப் பழம் தோலுக்கடியில் பதுங்கியது போல.
"அங்கதான் வலிக்கல" என்றார்.
வலிக்காத இடத்தில் மருந்தும் சரியாக இறங்கவில்லை.
மாதக் கணக்கில் சீனி பதினேழு.

ஒன்பதாம் நாள் ஊசியை
மூடி போட்டு, திசுவில் சுற்றி,
மதியச் சோற்றோடு எடுத்துப் போனேன்.
சட்டத்துக்குப் புறம்பு, தெரியும்.
தேநீர் வேளையில், சூப்பர்வைசர் சுராவுக்குப் போயிருந்தபோது
கண்ணாடிக்குக் கீழே வைத்தேன்.

என் பதினொரு வருடத்தில்
அப்படி ஒன்று வந்ததில்லை.
முனை மடங்கித் தூண்டிலாகியிருந்தது.
வழுக்கிக்கொண்டு போகப் பூசிய பூச்சு
உரிந்து செதில் செதிலாக.
உள்ளே இறங்கும்போது குத்தி
வெளியே வரும்போது இழுக்கும்.
நான் ஒதுக்கிய எல்லாப் பிசிறும்
அதற்கு முன்னால் நல்ல ஊசி.
கை தானாகச் சிவப்புத் தட்டுக்குப் போயிற்று.
பிடித்து நிறுத்தினேன்.

கைப்பேசி லாக்கரில். படம் எடுக்க வழியில்லை.
ஓவர்டைம் சீட்டின் பின்பக்கம்
பென்சிலால் வரைந்தேன்.

ராத்திரி நீட்டினேன்.
சீனி போடாத கோப்பியை ஊதிக்கொண்டே பார்த்தார்.
"என்ன இது, கொக்கியா?"
"காலையில உங்க வயித்துல ஏறினது."

சீட்டைத் திருப்பினார். அந்தப் பக்கம் என் ஓவர்டைம்,
பதினாலு மணி நேரம்.
மறுபடி திருப்பினார்.
ஒன்றும் சொல்லாமல் பின்கட்டுக்குப் போனார்.

கல்லில் அரிவாள் தீட்டும் சத்தம்.
விடிந்தால் வெட்டப் போகிற மரத்துக்காக
தினமும் ராத்திரி தீட்டுவார்,
முன்கை மயிரில் வைத்துப் பார்ப்பார்.
மொண்ணை அரிவாள் மரத்தை விட்டு ஆளை வெட்டும்,
அவர் கூட்டத்துப் பையன்களிடம் அவர் சொல்வது.
அவர் வார்த்தையை நான் அவரிடம் திருப்பவில்லை.
காலையில் சீக்கிரம் எழ வேண்டும்.

இன்று பெட்டி திறந்திருக்கிறது. எண்ணினேன்,
தொண்ணூற்றாறு. நான்கு நாள், நான்கு ஊசி.
மூடியின் உள்பக்கம் பேனாவால்
வலம், இடம், தொடை, தொடை என்று
கோணல் எழுத்தில் ஒரு பட்டியல்.

கழித்த ஊசிகள் மைலோ டின்னில்.
மூன்றுதான் இருந்தன.
நாலாவது எங்கே என்றேன்.

தோட்டத்துத் தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.
மூடியோடு மடிப்பில் செருகியிருந்தது.

"கையில முள்ளு ஏறினா எடுக்க.
ஒரு தடவதானே போட்டது,
கூரா இருக்கு."