அறுபத்தைந்தில் பதினாறு

மைனஸ் பதினெட்டிலிருந்து நேற்றிரவே வெளியே எடுத்தோம்
கறுப்புச் சுருளை.
உறையை இன்னும் பிரிக்கக் கூடாது.
உம் அல் குவைனின் ஆகஸ்ட் காற்றைப்
பிழிந்தால் ஒரு வாளி தேறும்.
குளிர்ந்த துணியைக் கண்டால் வந்து உட்கார்ந்துகொள்ளும்,
உட்கார்ந்த இடம் அடுப்பில் கொப்புளிக்கும்.
பொறு, என்றார் ரோடல்.
பாலிதீன் வேர்த்தது. நாங்களும்.

பிசினைக் குடித்துவிட்டே வந்த துணி இது,
கலக்க வேண்டாம், ரோலர் தேய்க்க வேண்டாம்.
வெந்தும் வேகாத நிலையில் விற்கிறார்கள்.
ஆளைத் திட்டுகிற அதே சொல்தான்:
அரைவேக்காடு.
மீட்டருக்கு எத்தனை திர்ஹம் என்று கேட்டபின்
யாரையும் அப்படித் திட்ட வாய் வரவில்லை.

அச்சுதான் பழசு.
ஒன்பது வருஷத்துக்கு முன்
கையால் பூசுகிற எபாக்சிக்கென்று செய்தது.
அடுப்பைப் பார்த்ததில்லை.
அளவுக்கு மேல் சூடேறினால் இளகும்,
இளகி நெளிந்தது நெளிந்தபடி நின்றுவிடும்,
அப்புறம் எந்தப் படகிலும் உட்காராத மூடிகளைப்
பெற்றுப் பெற்றுப் போடும்.
அளவு எவ்வளவு?
எழுதிய காகிதம் பழைய கம்பெனியோடு போயிற்று.
முதுகில் மார்க்கர் எழுத்து மட்டும்:
சூசைமிக்கேல், ஜூலை 11.

தேடிப் பிடித்தேன். தோஹாவில்
லிஃப்ட் கதவு மாட்டுகிறார்.
"ஓவனா? ஓவன் யாரு குடுத்தா?
கறுப்புத் தார்ப்பாய மூடி மூணு நாள் வெயில்ல போட்டேன்."
எவ்வளவு ஏறுச்சு?
"கைய வைக்க முடியல."
ரோடலுக்கு மொழிபெயர்த்தேன்.
அவர் படிவத்தில், உச்ச வெப்பம் என்ற கட்டத்தில்,
பென்சிலால் ஒரு கை வரைந்தார்.

வெறும் அச்சை முதலில் ஏற்றினோம்,
மணிக்கு ஐந்து டிகிரி.
விளிம்பில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி
அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து குனிந்து.
எழுபத்திரண்டில் ஒரு கீற்று.
அணைத்தோம். ஆறியதும் மூடிக்கொண்டது.
எங்களுக்கு மூட நேரமாயிற்று, வாயை.

எண்பதில் ஐந்து மணி நேரம்,
அறுபத்தைந்தில் பதினாறு:
சுருளின் பெட்டியிலேயே போட்டிருக்கிறது.
முதலாளிக்கு ஐந்து பிடித்திருந்தது.
அச்சுக்குப் பதினாறு.

மூலைகளில் துணி பாலம் கட்டாமல்
விரல் நுனியால் அழுத்தி அழுத்தி இறக்கினோம்.
பையை ஒட்டி பம்பைப் போட்டால்
எங்கோ ஒரு சீட்டி.
பம்பை நிறுத்தினோம், விசிறியை நிறுத்தினோம்,
நான் மூச்சையும் நிறுத்தி
காதை வைத்து விளிம்பெல்லாம் ஊர்ந்தேன்.
நாலாவது மடிப்பில், பல்லிடுக்கில் உறிஞ்சுகிற மாதிரி.
கட்டைவிரலை வைத்தேன். ஊமையாயிற்று.

ராத்திரி ரெண்டு மணி, வெளியே முப்பத்தாறு.
தெர்மாகோல் பலகைகளால் கட்டிய அடுப்புக்குப் பக்கத்தில்
எட்டு கம்பிகளின் எட்டு எண்களைப்
படித்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் கம்பி அறுபத்தெட்டு என்றது.
பலகையை ஒரு சாண் விலக்கினேன்.
ஏழாம் கம்பி ஐம்பத்தொன்பதிலேயே நின்றது,
அங்கே அச்சு தடிமன்.
விசிறியை அதன் முகத்துக்குத் திருப்பினேன்.
கடைசிக் கம்பி அறுபத்தைந்தைத் தொட்ட பிறகுதான்
பதினாறு தொடங்குகிறது.
காலையில் முதலாளி, ஆயிற்றா என்றார்.
அவர் கணக்கில் ஆயிற்று.
ஏழாம் கம்பிக்கு இன்னும் நாலு இருந்தது.

ஆப்பு இறக்கினதும் படீரென்று ஒரு சத்தம்,
உடைந்த சத்தமும் விடுபட்ட சத்தமும் ஒன்றுதான்,
பார்த்தால்தான் தெரியும்.
மூடி வந்துவிட்டது.
ஸ்கேலை வைத்தோம், அடியில் இருட்டு.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது
கார்பன் மேல், ஓரமாய்,
புடைத்து எழுந்த ஒரு கட்டைவிரல் ரேகை.
அச்சு ஈரமாய் இருந்தபோது யாரோ தொட்டது.
படம் எடுத்து தோஹாவுக்கு அனுப்பினேன்:
உங்க ரேகை, இன்னும் இருக்கு.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பதில் வந்தது.
"என்னுது இல்ல. ரசாக்கோடது."
யார் ரசாக், என்று கேட்டேன்.
ஒற்றை டிக்.

எண்ணூறு நம்பர் உப்புத்தாளைத்
தண்ணீரில் நனைத்தேன்.