மூன்றாவது வரி

கேம்பல் தெருவில் தியோவின் கடை.
எழுத்துக்கு எண்பது சென்.
கிண்ணத்தின் அடிப்பட்டையில் மூன்று வரிக்கு இடம்:
கல்லூரி, ஆண்டு, பயிற்றுநர்.
இரண்டைச் செதுக்கி முடித்துவிட்டு
ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்கிறார்,
"மூணாவது?"

நான் குழுவின் செயலாளர்.
ஐஸ் பெட்டி, காலுறைக் கணக்கு,
சிவப்பு அட்டைக்கு மன்னிப்புக் கடிதம்,
எல்லாம் என் தலையில்.
இதுவும்.

பதினோரு வருஷம் தஞ்சோங் கல்லூரியிடம் தோற்றோம்.
ஆட்டம் முடிந்ததும் அவர்கள்
ஒரு போத்தல் ஜாதிக்காய் ஊறுகாய் நீட்டுவார்கள்,
"கசந்த வாய்க்கு" என்று.
நாங்களும் வாங்கிக்கொண்டு வருவோம்.
வேறென்ன செய்வது,
ஊறுகாய் நன்றாகத்தான் இருக்கும்.

கோ கியாம் செங் பத்து மாதம் இருந்தார்.
கேண்டீனின் சிவப்பு நாற்காலிகளைக்
கோல் வாசலில் நிறுத்தி, கார்னர் பழக்குவார்.
இடி இடித்தாலும் "முதல் கம்பம், முதல் கம்பம்."
ஒரு நாற்காலிக்குக் கால் போனது.
நாலு ஆட்டம் வரிசையாய்ச் சமன்.
கடிதம் வந்தது.
விசிலை உறையில் போட்டு, உறையை ஒட்டி,
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அர்ச்சுனன் வந்து பத்தொன்பது நாள்.
நாற்காலிகளை ஸ்டோரில் அடுக்கச் சொன்னார்.
பின்வரிசைக் கவிநேசனை முன்னால் தள்ளினார்.
கேப்டனை உட்காரவைத்தார்.
பையன்களின் கைப்பேசியை
ஒன்பது மணிக்கே பிடுங்கினார்.
அவர் வந்த பிறகுதான் யாரும்
தோற்பதைப் பற்றி ஜோக் அடிக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் நிமிடம். கார்னர்.
"குட்டையாப் போடு!" அர்ச்சுனன் கத்துகிறார்.
ஹக்கிமிக்குக் கேட்கவில்லை,
அல்லது கேட்டது.
பந்து முதல் கம்பத்துக்கே போனது.
அங்கே, மூன்றாவது நாற்காலி நிற்கும் இடத்தில்,
கவிநேசன்.

அன்றிரவு டத்தோ கிராமாட் சாலையில்
மேசை நாலைச் சேர்த்துப் போட்டுச் சண்டை.
"கோ இல்லாட்டி அந்தக் கார்னர் ஏது?"
"அர்ச்சுனன் இல்லாட்டி அங்க கவிநேசன் ஏது?"
"பத்து மாசம்டா!"
"பத்து மாசத்துல ஒரு கோல் காட்டு!"
ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.
"ராத்திரி மாவு பிசையறது சலீம்,
காலையில வீசறது நான்.
காசு என்னமோ கல்லாவுக்குத்தான் போகுது."
எல்லாரும் சிரித்தோம்.
மறுநாள் படத்தில்
கிண்ணத்தைப் பிடித்திருந்தது எங்கள் முதல்வர்.

நான் ஒன்று பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை.
கோல் விழுந்தபோது வேலிக்கு வெளியே
ஹெல்மெட்டைக் கழற்றாமல் கோ நின்றிருந்தார்.
கைதட்டவில்லை.
கவிநேசன் ஆனந்தத்தில் சட்டையைச் சுழற்றிக்கொண்டு ஓட
அவன் விட்ட இடம் வெறுமையாய்க் கிடந்தது.
"பாலிக்! பாலிக்!"
வேலிக்கு அந்தப் பக்கம் கோ.
கோட்டுக்கு இந்தப் பக்கம் அர்ச்சுனன்.
ஒரே வார்த்தை, ஒரே கோபம்.
ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்டிருக்காது.
விசில் ஊதும்போது
மோட்டார் சைக்கிள் அங்கே இல்லை.

கவிநேசனையே கேட்டேன், யார் சொன்னபடி அடித்தாய் என்று.
"வழுக்கிட்டேன்கா" என்றான்.
"விழும்போது முழங்கால்ல பட்டுச்சு.
யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

தியோ காத்திருக்கிறார்.
கோ என்றால் மலிவு.
அர்ச்சுனன் என்றால்
அப்பா பெயரோடு இருபது வெள்ளி தாண்டும்.
"விட்டுடுங்க" என்கிறேன்.
"காலியா விட்டா
நாளைக்கு எவனாவது ஆணியால கிறுக்குவான்."
"கிறுக்கட்டும்."

இரண்டு வரிக்குக் காசு கொடுத்து வெளியே வந்தால்
மழை பிடித்துக்கொண்டது.
குடை இல்லை.
கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு,
அதன் காது இரண்டும் என் காதுக்கு மேலாக,
பஸ் நிறுத்தம் வரை ஓடினேன்.
உள்ளே ஒரே சத்தம்.