சுத்தமான பக்கம்

பழைய ஃபில்டரைக் கழற்றி
மாடிப்படி விளிம்பில் தட்டினேன்.
முதலில் உதிர்ந்தது மாதவரத்துச் சாம்பல் நிறம்,
மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டிய எட்டு மாதம்.
அதற்கடியில் திருப்போரூர்ச் செம்மண்.
அதற்கும் அடியில்
ஒரு ஈசல் இறகு, முழுசாக.
எந்த மழைக்கு மறுநாள்
என்னோடு ஏறிக்கொண்டதோ.

போன ஞாயிறு
கோவளம் தாண்டி, சவுக்குத்தோப்பு மணலில்
முன்னே போன ரோலண்டின் புழுதியை
மூன்று சுற்று விழுங்கிய வண்டி
நாலாவதில் இருமி நின்றுவிட்டது.
'பேப்பர் போட்டுட்டு மணல்ல எறங்குனா
இப்டித்தான்' என்றான்.
சொல்லிவிட்டு என் தண்ணீரைக் குடித்தான்.

சனிக்கிழமை, ஜி.பி. ரோடு.
கல்லாவில் நசீமா.
'யாரோட வண்டி?' என்று
என்னைக் கேட்காத ஒரே கடை.
மூன்றை எடுத்து வைத்தாள்.

கம்பெனி பேப்பர், நானூற்றுப் பத்து.
கஞ்சி போட்ட கொசுவம் மாதிரி மடிப்பு.
ஓடையில் இறங்கி நனைந்தால் கதை முடிந்தது.

சிவப்புப் பருத்தி, நாலாயிரத்து இருநூறு.
பிக்கப் ஏறும் என்று
டப்பாவே கத்துகிறது.

அப்புறம் ஸ்பாஞ்ச்,
வெளியே பச்சை, உள்ளே மஞ்சள்,
ஆயிரத்து நூறு. எண்ணெய் தனிக்காசு.

பருத்தியைக் குழல்விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.
ஊசி ஊசியாய் வெளிச்சம் வந்தது.
'மணலுக்கு இது போதும், உள்ள வந்துரும்.'
ஸ்பாஞ்சைப் பிடித்தாள்.
அதிலும் வெளிச்சம், இன்னும் தாராளமாக.
நான் பார்த்த பார்வைக்குச் சிரித்தாள்.
'எண்ணெய்தான்க்கா ஃபில்டர்.
ஸ்பாஞ்சு அது உக்கார்ற எடம்.'

எல்லாவற்றையும் தடுத்தால் மூச்சு முட்டும்.
எல்லாவற்றையும் விட்டால்
பிஸ்டன் தேய்ந்து புகை கக்கும்.
நடுவில் எங்கோ ஒரு துளையின் அளவு இருக்கிறது.
அதை வாங்கத்தான் நிற்கிறேன்,
சம்பளத்துக்கு நாலு நாள் இருக்கையில்.

'நீங்க சோம்பேறியா?'
நிஜமாகவே கேட்டாள்.
ஒவ்வொரு மணல் ஓட்டத்துக்கும் கழுவணும்,
நிழலில் காயணும், எண்ணெய் ஏத்தணும்,
முறுக்கிப் பிழிஞ்சா ஒட்டு விட்டுரும்,
முடியாதுன்னா பேப்பரே போதும்.
வீட்டு நாற்காலியில்
மூன்று நாளாக மடிக்காத துணி.
இல்லை என்றேன்.

பிளாஸ்டிக் கவருக்குள் ஸ்பாஞ்ச்,
மேலே நீல எண்ணெய்.
சப்பாத்தி மாவு போலப் பிசைந்தேன்,
எங்கும் ஒரே நீலமாகும்வரை.
கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டதில்
வீட்டுக்காரர் மாசிலாமணி சார் வேட்டியில்
ஒரு சொட்டு.
இன்னும் அவர் பார்க்கவில்லை.
இரவு விளிம்பைச் சுற்றி கிரீஸ் தடவினேன்.
நேர்வழி அடைத்திருந்தால்
புழுதி ஓரமாகத்தான் வருமாம்.

ஞாயிறு, அதே தோப்பு, அதே ரோலண்ட்,
அதே புழுதி.
ஆறு சுற்று.
வண்டி இருமவில்லை. நான் இருமினேன்.
நிறுத்தி, பக்கவாட்டு மூடியைத் திறந்து,
ஃபில்டரைத் தூக்கிவிட்டு,
எஞ்சினுக்குப் போகும் குழாயின் உள்சுவரில்
விரலால் ஒரு இழுப்பு.
விரல் சுத்தம்.
ரோலண்டின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.
'சரி சரி' என்றான்.
பிறகு சவுக்கு மறைவில் போய்
மூக்கைச் சிந்தினேன்.
கைக்குட்டையில் செங்கல் நிறம்.

இன்று திங்கள்.
மூலக்கடை சிக்னலில் எனக்கு முன்னால்
இடிபாடு ஏற்றிய லாரி, தார்ப்பாய் இல்லை,
அது நகர்ந்தால் ஒரு கட்டடமே காற்றில் வருகிறது.
எனக்குக் கீழே வண்டி
நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது,
ஆயிரத்து நூறு, எண்ணெய் தனி.
துப்பட்டாவை இழுத்து மூக்கைச் சுற்றிக் கட்டினேன்.
ஒரே அடுக்கு.