எழுத்துக்கு நான்கு யூரோ

கிராஸ் நகரத்தில், முர் ஆற்றுப் பாலத்துக்கு
இரண்டு கடை தள்ளி என் பட்டறை.
வாசல் கதவுகளுக்குப் பித்தளையில் பெயர் வெட்டுகிறேன்.
எழுத்துக்கு நான்கு யூரோ,
முற்றுப்புள்ளிக்குக் காசில்லை.
அதனால் எல்லோரும் சுருக்கித்தான் கேட்கிறார்கள்:
பேரா.
அந்தப் புள்ளிக்குப் பின்னால்
‘சிரியர்’ இருக்கலாம்,
‘சை’யும் இருக்கலாம்.
நான் வெட்டுவது புள்ளி வரைக்கும்தான்.

ஓட்டிலியே கிரான்ஸ்மையர்
முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் லத்தீன் நடத்தியவர்.
இந்த நாட்டில் அவரும் பேராசிரியர்தான்.
வரிசையில் பின்னால் நின்ற பல்கலைக்கழகத்துக்காரர்
உதட்டைச் சுழித்தார்.
அம்மா கவனிக்கவில்லை.
என் விலைப்பட்டியலில் இருந்த பிழைக்கு
சிவப்புப் பேனா தேடிக்கொண்டிருந்தார்.

அக்கார்டியன் வாசிக்கும் ஹெர்விக்
ஜனாதிபதி கையெழுத்திட்ட தாளை
சூடான சூப்புக் கிண்ணம் போல
இரு கையாலும் ஏந்தி வந்தார்.
கௌரவப் பட்டம். ஒரு நாளும் வகுப்பெடுத்ததில்லை.
‘மாணவர்களே இல்லாமலா?’ என்றேன்.
‘ஒவ்வொரு கல்யாணத்திலும்
முந்நூறு பேரை ஆட வைத்திருக்கிறேனே!’

யாஸ்னா விலை மட்டும் கேட்டாள்.
பதினோராவது ஆறு மாத ஒப்பந்தம்,
பாதித் துறைக்கு அவள்தான் பாடம் எடுக்கிறாள்.
‘முன்னால் என்ன போடட்டும்?’ என்றேன்.
சிரித்தாள்.
காகிதமும் டேப்பும் வீட்டிலேயே இருக்கின்றன என்று போய்விட்டாள்.

மார்ச் மாதம், மழை நாள்,
ஒருவர் பழைய பலகையோடு வந்தார்.
நானே வெட்டியது.
‘எடுத்துவிடுங்கள். முன்னால் இருப்பதை.’
ஆய்வேட்டில் நாற்பத்திரண்டு பக்கம்
வேறு யாரோ எழுதியதாம்.
செய்தித்தாளில் படித்திருந்தேன்;
படிக்காதவன் போல
மேசைக்கு அடியில் அரம் தேடினேன்.

வெட்டிய எழுத்தை எடுக்க முடியாது, ஐயா.
அது எவ்வளவு ஆழமோ
அவ்வளவுக்குச் சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்க்கலாம்.
அப்படியும் பெயர் நடுவுக்கு நகராது.
இடப்பக்கம் பளபளவென்று ஒரு வெற்றிடம் மிஞ்சும்,
வருகிற தபால்காரன் முதலில் அதைத்தான் படிப்பான்.

‘எவ்வளவு?’ என்றார்.
எழுத்துக்கு நான்கு யூரோ.
போட்டதற்கும் அதே விலைதான் வாங்கியிருந்தேன்.
எண்ணி வைத்தார்,
ரசீது வேண்டாமென்றார்.

கை கழுவாமலே எதிர்க் காப்பிக் கடைக்குப் போனேன்.
நகக்கண்ணில் இன்னும் பித்தளைத் தூள்.
பரிசாரகர் குனிந்து,
‘பேராசிரியருக்கு வழக்கமானதுதானே?’
மூக்குக்கண்ணாடி போட்ட எவரையும்
அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.
இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
‘ஆமாம், பால் கொஞ்சம் குறைவாக’ என்று வந்தது.

எழும்போது ஐம்பது சென்ட் அதிகம் வைத்தேன்.
ஆறு எழுத்து.
என் கடையில் இந்த விலைக்குக் கிடைக்காது.