மூலம் இல்லாத உரை

நூற்றுப் பதினேழாம் பக்கம், இரண்டாம் பத்தி.
அங்கேதான் முதல் மஞ்சளைத் தீட்டினாள்
ரொசால்பா கொலிவோரோ,
காஸ்த்ரோ நகர நூலகத்தில், மதிய இடைவேளையில்,
மறு கையில் உருளைக்கிழங்கு ரொட்டி.

எண்ணூறு பக்க அறிக்கை.
இதுவரைக்கும் ஒருவரும் வரமாட்டார்கள் என்ற தெம்பில்
நிறுவனமே எழுதி வைத்த வரி:
'வானிலை காரணமாக, செத்த மீன் ஏற்றிய படகு
அனுமதித்த தொலைவு வரை செல்லவில்லை.'

ஓரத்தில் அவள் எழுதியது இவ்வளவுதான்:
'பின்னே எதுவரை போனது?'

அந்த மார்ச்சில் தீவின் மேற்குக் கரை நெடுக
வாய் பிளந்து கிடந்தன ஓடுகள்.
நாற்றம் துணி உலரும் கொடிவரை ஏறியது.
அரசு 'இயற்கை' என்றது.
நிறுவனம் 'வெயில்' என்றது.

அவள் கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தோம்
ஒருவர் பின் ஒருவராக.
வால்டிவியா ஆய்வகத்திலிருந்து நான்,
பெர்கனிலிருந்து இங்குன், எங்கள் காலை அவளுக்கு மதியம்,
பெயர் சொல்ல விரும்பாத
ஒரு முன்னாள் துறைமுக எழுத்தர்.
ஒரே அறையில் நாங்கள் இருந்ததில்லை.
இருந்ததெல்லாம் ஒரே பக்கத்தில்.

ஆறு மாதத்தில் ஆயிரத்து நானூறு இணைப்புகள் சேர்த்தோம்.
எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.
நான் 'சிப்பி' என்று குறியிட்டேன்,
இங்குன் 'சிப்பிகள்' என்று,
எழுத்தர் எல்லாவற்றுக்கும் 'முக்கியம்' என்று.
எல்லாமே முக்கியமான பெட்டியில்
எதைத் தேடுவது?

கடைசியாக வந்தார் இஸ்மாயேல் குவென்தேயோ,
கெயோனில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்.
தலையில் அடித்துக்கொள்ளாத குறை:
'நீங்க சிப்பிங்கிறது மூணு உசுரு
சோரோ வேற சோல்கா வேற சோரித்தோ வேற
மூணும் ஒரே நாள்ல சாகாது'
என் வரைபடம் அங்கேயே பிளந்தது.
இரண்டு வாரம் உட்கார்ந்து மறுபடி குறியிட்டோம்.

அவர் குறிப்புகள் விடியற்காலை நான்கு மணிக்கு வரும்.
ஈரக் கட்டைவிரல்; புள்ளி கிடையாது, கமா கிடையாது.
நூற்றுப் பதினேழில், 'வானிலை' என்ற சொல்லின் மீது மட்டும்:
'அன்னிக்கு காத்தே இல்ல நான் தண்ணியில இருந்தேன்'

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், அந்த வரி இல்லை.
அதே முகவரி. அதே பக்க எண். அதே முத்திரை.
பத்தி மட்டும் கொஞ்சம் மேலே ஏறி
வாய் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பற்றிக்கொள்ளச் சொல் இல்லாத எங்கள் குறிப்புகளைக்
கருவி கீழே ஒதுக்கியிருந்தது,
'அநாதைகள்' என்று தலைப்பிட்டு.
பதினொன்று.
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

பிறகுதான் கவனித்தேன்:
ஒவ்வோர் அநாதையும்
தான் ஒட்டியிருந்த வரியைக்
கையோடு கொண்டு வந்திருந்தது.
மேற்கோளாக, நாளோடு, மணியோடு.
மூலத்தை அழித்தவர்கள்
உரையை மறந்துவிட்டார்கள்.

புவேர்த்தோ மோன்ட் விசாரணையில்
நிறுவனத்தின் வக்கீல் அமைதியாகச் சொன்னார்:
'அறிக்கையில் அப்படி ஒரு வரியே கிடையாது.'
உண்மைதான். கிடையாது.
ரொசால்பா மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள்.
'இது நீங்கள் எழுதியதா, அவர்கள் எழுதியதா?'
நீதிபதி கேட்டதற்கு
அவள் பதில் சொல்ல வெகுநேரம் ஆனது.
வழக்கை நவம்பருக்குத் தள்ளினார்கள்.

குறிச்சொல் சண்டை இன்னும் ஓயவில்லை.
இங்குன் 'சாட்சி' என்கிறாள்.
எழுத்தர் 'மிக முக்கியம்' என்கிறார்.

நேற்று விடியற்காலை
இஸ்மாயேல் அந்தப் பக்கத்துக்குப் போயிருக்கிறார்.
வெற்றிடத்தில் மஞ்சள் பிடிக்காது,
தீட்ட ஓர் எழுத்தாவது வேண்டும்.
போன வரிக்கு முந்தைய வரியில்
முற்றுப்புள்ளியை மட்டும் பிடித்து,
ஆயுளில் ஒரு புள்ளி வைக்காத மனிதர்,
எழுதியிருந்தார்:
'இங்க'