மீந்தது நாற்பத்தொன்று

முகமூடிக்காரன் பறக்கும்போது
ஒரு பயல் வெளியே வரமாட்டான்.
அவள் வாய் திறந்தால் போதும்,
கதவு படார் படாரென்று அடிக்கும்.
“அக்கா நாலு டீ, ரெண்டு சமோசா,
சீக்கிரம், சண்டை வந்துரும்.”

மண்டபத்தில் எங்கள் கேன்டீன்
அவளை நம்பித்தான் ஓடியது.

முதல் பாகம் வந்தது தடைக்காலத்தில்.
விசைப்படகெல்லாம் கட்டிக்கிடக்க
கடலுக்குப் போகாத கால்கள் மொத்தமும்
முன்நாற்காலி முதுகை உதைத்துக்கொண்டிருந்தன.
நான் எந்தப் படமும் முழுதாகப் பார்த்ததில்லை.
கதவு திறந்து மூடும் நேரத்துக்குக்
கையகலத் திரை.
அதில் எப்போதும் அவள்.
அவளுக்குத்தானே கதவு திறக்கிறது.

பேர் வெலினா.
தமிழில் யாரோ மூக்கடைத்த குரலில்
பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.
அந்தப் பாகத்தில் அவளுக்கு ஒரே வேலை,
விழுவது.
பதினெட்டாம் மாடியிலிருந்து
கண்ணை இறுக மூடி
அவன் பேரைக் கூவிக்கொண்டு.
அவள் தரைக்கு வருமுன் அவன் வந்துவிடுவான்.
அதற்குள் பன்னிரண்டு டீ ஆற்றிவிடுவேன்.

சுவரொட்டியில் அவன் அக்குளுக்குக் கீழே
ஓரமாக நின்றாள்.
கச்சான் காற்று அவளைத்தான் முதலில் கிழித்தது.
ஓரத்தில் இருப்பவர்களுக்கு அப்படித்தான்.

இரண்டாம் பாகம்,
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய வாரம்.
மறுபடியும் விழுந்தாள், இந்தத் தடவை பாலத்திலிருந்து.
ஆனால் கண் திறந்திருந்தது.
கீழே எது தண்ணீர், எது கல் என்று
பார்த்துக்கொண்டே விழுந்தாள்.
டிக்கெட் கிழிக்கும் சவேரியானிடம் சொன்னேன்.
“விழுறதுல என்னக்கா தினுசு?” என்றான்.
“நீ வள்ளம் கவுந்து பாத்ததில்ல” என்றேன்.

மூன்றாவதில் அவள் விழவே இல்லை.
புகைக்குள் அவன் திக்குத் தெரியாமல் சுற்ற,
கையில் ஒரு வயர்லெஸ்ஸோடு
“இடப்பக்கம்” என்றாள்.
அவ்வளவுதான்.
அவன் இடப்பக்கம் திரும்பினான்.
அன்று ஒருத்தன்
பாதி உடம்பை உள்ளே வைத்துக்கொண்டே
என்னிடம் காசை நீட்டினான்.
சில்லறையை வாங்கக்கூடத் திரும்பவில்லை.

நாலாம் பாகத்தில் யாருமே வரவில்லை.

கரண்டு போய்விட்டதென்று நினைத்தேன்.
ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
பாய்லர் கொதிக்க, அடுக்கிய டம்ளர் அடுக்கியபடி.
வடிகட்டியோடு போய்
முதல்முறை நானே கதவைத் திறந்தேன்.

அதே கட்டடம். தீப்பிடித்திருந்தது.
ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் நின்றபடி
அவன் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.
அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.
படி இருந்தது.
படி முதல் பாகத்திலிருந்தே இருந்திருக்கும்.

பதினெட்டு. பதினேழு. பதினாறு.
பாட்டு இல்லை, இடி இல்லை,
வெறுங்கால் சிமிண்டில் படும் சத்தம்.
எவனுடைய போனோ அடிக்க
நாலு பேர் சேர்ந்து வைதார்கள்.
ஒன்பதாம் மாடியில் சுவரில் சாய்ந்து
முழங்காலைப் பிடித்துக்கொண்டு
மூச்சு வாங்கினாள்.
கதாநாயகிக்கு மூச்சு வாங்கி
நான் கண்டதே இல்லை.

வடிகட்டி என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.
சூடு பிறகுதான் உறைத்தது.

மீந்தது நாற்பத்தொரு சமோசா.
ராத்திரி என் கொழுந்தன் இன்னாசி வந்தான்.
ஏலம் அவன் பேரில், அடுப்பு என் பேரில்.
“ஏன் இவ்வளவு மிச்சம்?”
“அந்தப் பொம்பள படியிறங்குனா.”
என்னை ஒருமாதிரி பார்த்தான்.
வழக்கம்போல் கல்லாவுக்குக் கை நீட்டினான்.
“இரு, எண்ணிட்டுத் தாரேன்” என்றேன்.

எண்ணெய்க் கை. நோட்டு ஒட்டியது.
வாயில் எண்கள் ஏறி வரவில்லை,
பதினெட்டு, பதினேழு என்று
இறங்கியே வந்தன.
நடுவில் தப்பிவிட்டது.
அவன் நின்றுகொண்டிருந்தான்.
நான் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.