பன்னிரண்டாவது கட்டம்

நாளை ஏழு மணிக்குள் பட்டியல் போகணும்.
பதினொரு பெயர் எழுதியாயிற்று.
பாளை மார்க்கெட் பக்கத்து டீக்கடையில்
பெஞ்சு ரெண்டையும் இழுத்துப் போட்டு
ஆவுடைநாயகத்தைப் பற்றிப் பேசுகிறோம்,
ஆவுடைநாயகம் இல்லாமல்.

"ஆறடி மூணு அங்குலம்.
அந்த ஒயரத்துக்குத்தாம்ல சீட்டே குடுத்தாவ.
ஒயரம் என்னைக்காவது கூடை போட்டிருக்கா?"
ஜெபவாசகம்தான் ஆரம்பித்தான்.
"ஒம்பது ஃப்ரீ த்ரோ, ரெண்டு உள்ள.
எங்கம்மை கண்ணக் கெட்டிக்கிட்டு எறிஞ்சா
மூணு விழும்."

சிரித்தோம். நானும் சிரித்தேன்.
ஒன்பதில் இரண்டு என்று
அவனுக்குச் சொன்னதே நான்தான்.
முட்டி பிசகிய வருஷத்திலிருந்து
ஸ்கோர் புத்தகம் என்னிடம்.

மீரான் டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னான்:
"மூச்சு விட எனக்கு நாலு நிமிசம் வேணும்.
அந்த நாலு நிமிசம் ரிங்குக்கு அடியில எவன் நிப்பான்?"
"அவன்தான நிக்கான்!
நிக்க மட்டுந்தான செய்யுதான்!"

"அவனுக்கும் அஞ்சு ஃபவுல் உண்டு,
நமக்கு அது செலவுக்காசு" என்றான் ஒருவன்.
"கடன்காரன் கையில செலவுக்காசா?" என்றான் இன்னொருவன்.
"ஆல்வினக் கூட்டிட்டுப் போவோம்.
குள்ளந்தான். ஆனா கையில சூடு இருக்கு.
மொத வருசம். இப்பமே பாத்தாத்தான்
அடுத்த வருசம் தேறுவான்."

"மழை விட்டதும் கோர்ட்டுத் தண்ணியத்
தள்ளுதது யாருல?"
"தண்ணி தள்ள ஆள் வேணும்னா
கார்ப்பரேசன்ல எழுதிக் குடு."

அது சரிதான்.
அதற்குப் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

பக்கங்களைப் புரட்டினேன்.
தூத்துக்குடிக்காரர்களோடு மூன்றாம் குவார்ட்டர்.
அவர்களுடைய பதினாலாம் நம்பர்,
அதுவரை இருபத்தொரு புள்ளி அடித்தவன்,
ஆவுடை இறங்கிய நாலு நிமிஷமும் வெறும் கை.
சொல்ல வாயெடுத்தேன்.
அடுத்த பக்கம் சிவகாசி:
இறங்கினான், ரெண்டு டிராவலிங்,
மூணு ஃபவுல், கையில் விழுந்த பந்தை
எதிராளி கையில் தாம்பூலம் மாதிரி கொடுத்தான்.
புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.
எதைப் படித்துக் காட்டினாலும்
மற்றதை மறைத்ததாகும்.

தகரக் கூரைக்குத் தலையைக் குனிந்து
அவனே உள்ளே வந்தான்.
"ஒரு டீ, சீனி கம்மி."
யாரும் அசையவில்லை.
பாய்லர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"எம் பேச்சுதானா?" என்றான்.
ஜெபவாசகம் தன் செருப்பைப் பார்த்தான்.
"ஒங்க எடத்துல நான் இருந்தா
ஆல்வின் பேரத்தான் எழுதுவேன்.
ஆனா ஒங்க எடத்துல நான் இல்லலா."
டீயை ஊதினான். ஏடு ஒரு பக்கமாக ஒதுங்கியது.
"எனக்கு நாகர்கோவிலுக்கு வரணும். அவ்வளவுதான்."

காரணம் ஒன்றும் சொல்லவில்லை.
வீட்டுக் கஷ்டம், வாக்குறுதி, இனிமேல் பாரு,
எதுவுமே இல்லை.
காசை வைத்துவிட்டு
மறுபடி குனிந்து போனான்.

அதற்கப்புறம்தான் சத்தம் கூடியது.
"நேர்மையான பய" என்றான் மீரான்.
"நேர்மைக்கு எத்தன புள்ளி?" என்றான் ஜெபவாசகம்,
ஆனால் முன்பிருந்த காரம் இல்லை.
கடைக்காரர் பெஞ்சைக் கேட்கும் வரை போனது.
கடைசியில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்:
"பேனா ஒன்கிட்டதான இருக்கு."

மணி ரெண்டு. ஹாஸ்டல் வராந்தா.
ஓடையில் தவளை விட்டுவிட்டுக் கத்துகிறது.
பன்னிரண்டாவது கட்டத்தில்
'ஆ' போட்டு நிறுத்தியிருக்கிறேன்.
ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் எழுத்து.

ஆல்வின் என்றால் பாதிக் கட்டம் மிச்சமாகும்.
அந்த நீளப் பெயர் உள்ளே வர
நெருக்கி நெருக்கி எழுதணும்.

போட்ட எழுத்தை
விளக்கடியில் வைத்துப் பார்க்கிறேன்.
கொஞ்சம் சின்னதாகத்தான் விழுந்திருக்கிறது.